பிக்கிள்பால்: புதிதாக ஆட வருவோருக்கு

1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சார்டும் அவருடைய நண்பர்களும் பழைய பேட்மின்டன் மைதானம் ஒன்றில் மட்டையால் துளைகள் உள்ள பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடும் இந்த ஆட்டத்தை உருவாக்கினார்கள். அதனால் இன்றும் இதன் மைதானம் 20 அடி அகலமும் 44 அடி நீளமும் கொண்ட பேட்மின்டன் அளவிலேயே இருக்கிறது. தனி மைதானம் கிடைக்காதவர்கள், பேட்மின்டன் மைதானத்திலேயே வலையை ஓரங்களில் 36 அங்குலத்துக்கும் நடுவில் 34 அங்குலத்துக்கும் இறக்கி, இருபுறமும் வலையிலிருந்து 7 அடியில் ஒரு கோடு ஒட்டிக்கொண்டால் போதும். பேட்மின்டனின் முன்கோடு ஆறரை அடியில் இருப்பதால் அதையே வைத்துக்கொண்டு ஆடக் கூடாது.

மட்டை நடுத்தர எடையில் இருந்தால் போதும். காலணியில்தான் கவனம் வேண்டும். ஓட்டப் பயிற்சிக்கான காலணி பக்கவாட்டு அசைவைத் தாங்காது என்பதால், பேட்மின்டன் அல்லது டென்னிஸ் காலணியையே அணியுங்கள். தலைக்கு மேல் போகும் பந்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடாதீர்கள். பலர் விழுந்து அடிபடுவது அப்படித்தான். உடலைத் திருப்பிக்கொண்டு ஓடுங்கள்.

சர்வ் போடும்போது கை கீழிருந்து மேலே வர வேண்டும். பந்தை இடுப்புக்குக் கீழே அடித்து, எதிர்ப்பக்கத்தில் குறுக்காக உள்ள கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். பந்தைக் கீழே போட்டு, அது எழும்பிய பிறகு அடிப்பதும் விதிக்கு உட்பட்டதே. தொடக்கத்தில் அதுவே எளிது. சர்வையும் அதற்கு வரும் பதிலையும் தரையில் ஒருமுறை பட்ட பிறகே அடிக்க வேண்டும். வழக்கமான புள்ளிக் கணக்கின்படி, சர்வ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி உண்டு; 2 புள்ளி வித்தியாசத்துடன் 11ஐ எட்டுபவர் வெல்வார்.

வலையை ஒட்டிய அந்த 7 அடிப் பகுதிக்குக் கிச்சன் என்று பெயர். அதற்குள்ளோ அதன் கோட்டின் மீதோ நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அடித்த வேகத்தில் கால் உள்ளே போனாலும் தவறுதான். தரையில் பட்ட பந்தை அடிக்க எப்போது வேண்டுமானாலும் உள்ளே செல்லலாம்.

இங்கேதான் ஆட்டத்தின் அழகு இருக்கிறது. எதிரணி சர்வைத் திருப்பியடித்துவிட்டு உடனே கிச்சன் கோட்டுக்கு வந்துவிடும். சர்வ் போட்ட அணியோ, பந்து தரையில் படக் காத்திருப்பதால், பின்னாலேயே நிற்க நேரும். அந்த நேரத்தில் ஓங்கி அடித்தால், முன்னால் நிற்பவர் அதை எளிதாகத் தட்டிவிடுவார். மாறாக, சர்வுக்கும் அதன் பதிலுக்கும் அடுத்து வரும் அந்த மூன்றாவது அடியை மெதுவாக வளைத்து எதிரணியின் கிச்சனுக்குள் விழவைத்தால், அவர் கீழிருந்து தூக்கி அடிக்க நேரும். அந்த இடைவெளியில் நீங்கள் முன்னேறலாம். ஆகவே முதல் சில வாரங்கள், இருவரும் கிச்சன் கோட்டருகே எதிரெதிரே நின்று, மட்டையை இறுக்காமல் பிடித்து, மணிக்கட்டைச் சுழற்றாமல் தோளிலிருந்து மெல்லத் தள்ளி, பந்தை ஒருவர் கிச்சனிலிருந்து மற்றவர் கிச்சனுக்கு அனுப்பிப் பழகுங்கள். தவறாமல் இருபது முறை கைமாறிய பிறகு, ஒருவர் மட்டும் கடைசிக் கோட்டுக்குப் போய் அங்கிருந்து அதே மென்மையுடன் அடித்துப் பார்க்கலாம்.