கழுத்தைச் சுற்றி வாள்: அன்பாப்புலர் ஒப்பீனியன் மீமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடுவில் ஒருவன், நாலாபக்கமும் அவன் கழுத்தை நோக்கி நீட்டிய வாள்கள், மாட்டிக்கொண்ட முழி. "ஊருக்கே பிடிக்காத கருத்து ஒன்று என்னிடம் இருக்கிறது" என்று சொல்ல நினைப்பவர்கள், அதாவது 'அன்பாப்புலர் ஒப்பீனியன்' மீம் போடுபவர்கள், அடிக்கடி எடுக்கும் படம் இது. 2010-இல் வந்த டிஸ்னியின் 'டாங்கிள்ட்' படக் காட்சி. ஒரு மதுக்கடையில் முரடர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கனவைப் பாட்டாகப் பாடுகிறார்கள். உன் கனவு என்ன என்று கதாநாயகன் ஃபிளின் ரைடரைக் கேட்கிறார்கள். நான் பாடுவதில்லை என்கிறான். அவ்வளவுதான், அத்தனை வாளும் கழுத்துக்கு வந்துவிடுகிறது.

குற்றம் இத்தனூண்டு, தண்டனை மலையளவு. சிரிப்பு வருவதே அந்த வித்தியாசத்தால்தான். இந்தப் படத்துக்கு எழுதும் கேப்ஷன்கள் சொதப்பும்போது, பெரும்பாலும் யாரோ அந்த வித்தியாசத்தைக் கெடுத்திருப்பார்கள்.

அதிகம் கண்ணில் படும் தவறு, யாருக்கும் கோபமே வராத கருத்தை எழுதுவது. "வெயில் காலத்தில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்", "அம்மா சமையல்தான் பெஸ்ட்". இதற்கு யார் வாளை உருவுவார்கள்? "சாம்பாரைவிட ரசம்தான் உசத்தி" என்பதுகூடப் போதாது, பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் படித்து யாருக்குக் கோபம் வரும்? ஆளையோ ஊரையோ சொல்ல முடியவில்லை என்றால் அந்தக் கருத்து இந்தப் படத்துக்கு ஆகாது.

ஊர் என்பது இங்கே முக்கியம். "பிரியாணியில் உருளைக்கிழங்கு இருந்தால் தப்பில்லை" என்று கொல்கத்தாவில் சொன்னால் அது செய்தியே இல்லை, அவர்கள் பிரியாணியே அப்படித்தான். அதையே சீரகச் சம்பாவும் கத்தரிக்காய்த் தொக்குமாகச் சாப்பிடும் ஆம்பூர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பாருங்கள். "பாஸ்மதியில் செய்தால்தான் பிரியாணி" என்று திண்டுக்கல்காரரிடம் சொல்வது இன்னும் மோசம். அதாவது, இன்னும் நல்ல கேப்ஷன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியாமல் பொதுவாக எழுதினால் வாள் பாதி உறையிலேயே நின்றுவிடும்.

அடுத்தது, படம் சொன்னதையே வாயாலும் சொல்வது. "என் கருத்தைச் சொன்னதும் எல்லோரும் என்னை வெறுக்கிறார்கள்" என்று மேலே எழுதுவார்கள். அதைச் சொல்லத்தானே அத்தனை வாள்? கருத்தை மட்டும் எழுதுங்கள், மற்றதைப் படம் பார்த்துக்கொள்ளும். இதே படத்தைக் கேள்வியாகவும் போடுவது உண்டு: "எதைச் சொன்னால் உங்களுக்கு இந்த நிலைமை வரும்?" அதுவும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கேள்வியையும் கேட்டு, கீழேயே தன் பதிலையும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்று போதும்.

"யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை, இது என் தனிப்பட்ட கருத்து" என்று பொடி எழுத்தில் சேர்ப்பதையும் விட்டுவிடலாம். கழுத்தில் வாள் இருப்பவனுக்குப் பின்குறிப்பு எழுத நேரமா இருக்கும்?

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வகை, தியாகி கேப்ஷன். "உண்மையைப் பேசுகிறவனுக்கு நண்பர்கள் இருக்க மாட்டார்கள்" என்ற மாதிரி. அதில் கருத்தே இல்லை, புலம்பல்தான் இருக்கிறது. இந்த மீம் பிடித்துப்போகக் காரணம், மாட்டிக்கொண்டவனைப் பார்த்தும் சிரிக்கலாம், இவ்வளவு சின்ன விஷயத்துக்குக் கொதிக்கிறோமே என்று நம்மைப் பார்த்தும் சிரிக்கலாம் என்பதுதான். தன்னை உத்தமனாகவும் மற்றவர்களை மடையர்களாகவும் எழுதினால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சாதியையோ மதத்தையோ பெண்களையோ மட்டமாகப் பேசிவிட்டு, "அன்பாப்புலர் ஒப்பீனியன்" என்று முத்திரை குத்திக்கொள்வது. ரெடிட் தளத்தில் ஒரு காலத்தில் பஃபின் என்ற கடற்பறவையின் படம் இதே மாதிரிக் கருத்துகளுக்காகப் பிரபலமாக இருந்தது. போகப்போக இனவெறிப் பேச்சைக் கொட்டுகிறவர்கள் அந்தப் பறவைக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்தார்கள். அறத்தை விடுங்கள், மீம் கணக்கிலேயே இது தோல்வி. குற்றம் நிஜமாகவே பெரிதாக இருந்தால் தண்டனை பொருத்தமாகிவிடுகிறது. பார்ப்பவரும் வாள் பிடித்தவர் பக்கம் போய் நின்றுகொள்வார்.

படத்தின் குணத்துக்கும் வாசகத்தின் தொனிக்கும் பொருத்தம் வேண்டும். மேசை போட்டு உட்கார்ந்து, கையில் கோப்பையோடு, முன்னால் ஒரு பலகையை வைத்திருப்பவரின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க அரசியல் விமர்சகர் ஸ்டீவன் கிரவுடர் 2018-இல் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது எடுத்தது. "முடிந்தால் என் மனதை மாற்று" என்ற சவால் அது. அங்கே பயம் கிடையாது, மிதப்புதான். அந்தப் பலகையில் கெஞ்சலாக எழுதினாலும், வாள் படத்தில் சவால் விட்டாலும் ஒட்டாது. நம் ஊரில் அடிவாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் வடிவேலுவின் படங்களும் இதே வேலைக்கு வரும். ஆனால் அங்கே அடி விழுந்து முடிந்துவிட்டது. அதனால் "என்று சொன்னேன்" என இறந்தகாலத்தில் எழுத வேண்டும். வாள் படத்தில் அடி இன்னும் விழவில்லை. அங்கே கருத்தை இப்போதுதான் சொல்வது போல எழுத வேண்டும்.

கடைசியாக எழுத்துரு. ஆங்கில மீம்களில் வரும் தடித்த எழுத்து இம்பாக்ட், ஜெஃப்ரி லீ வடிவமைத்து 1965-இல் வெளிவந்தது. அதில் தமிழ் எழுத்துகள் கிடையாது. அதைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தட்டினால் மீம் செய்யும் கருவி தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு மெலிந்த எழுத்தைப் போட்டுவிடும். பாலூ தம்பி, முக்தா மலர் போன்ற தமிழ் எழுத்துருக்களின் தடித்த வடிவங்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு ஓரம் கொடுக்கும்போது மெல்லியதாக வையுங்கள், இல்லாவிட்டால் ண, ணை, ஜ போன்றவற்றின் சுழி அடைத்துப்போகும். வரி உடையும் இடத்தையும் கருவியிடம் விடாதீர்கள். "பிடிக்க" ஒரு வரியிலும் "வில்லை" அடுத்த வரியிலும் போய் நின்றால், அவசரமாகப் படிப்பவருக்குக் கருத்தே தலைகீழாகிவிடும். முகத்தின் மேலும் வாள்முனைகளின் மேலும் எழுத்து ஏறக் கூடாது. இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்காமல் ஒரு சொல்லை வெட்டுங்கள்.