"கூட்டணுமா டீச்சர், கழிக்கணுமா?"

நிலக்கோட்டைப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு. வாக்கியக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். இருபது வருடமாகக் கேட்கிறேன். கேட்கிற பிள்ளைக்குக் கூட்டலும் தெரியும், கழித்தலும் தெரியும். அம்மாவுக்குப் பதிலாகப் பூக்கடையில் உட்கார்ந்தால் 500 ரூபாய் நோட்டுக்குச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்துவிடும். அதே கணக்கு நான்கு வரி வாக்கியமாக வந்தால் திணறுகிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் "கழித்தல்டா, எழுது" என்று சொல்லிவிடுகிறார்கள். அதைச் சொல்லிவிட்டால் அந்தக் கணக்கில் யோசிக்க ஒன்றுமே மிச்சம் இருக்காது. தயவுசெய்து சொல்லாதீர்கள்.

1980 வாக்கில் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கேப்டனின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். படித்ததும் என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், கப்பலுக்குப் பதில் ஆட்டுப்பட்டி, கேப்டனுக்குப் பதில் ஆடு மேய்க்கிற தாத்தா. முக்கால்வாசி நோட்டில் 36. ஒரு பெண் "தாத்தாவுக்கு 36 வயசுதானா?" என்று கேட்டாள், ஆனால் அவளும் 36 என்றே எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "கேள்வின்னா விடை எழுதணும்ல டீச்சர்." அன்றிலிருந்து முதல் வேலையாக எண்களை மறைத்துவிடுகிறேன்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். கணக்கில் எண் வருகிற இடத்திலெல்லாம் புளியங்கொட்டையோ பொத்தானோ வைத்து மூடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். "மாலாவுக்கு ரவி கொஞ்சம் கோலி கொடுத்தான். இப்போது ரவியிடம் கொஞ்சம் இருக்கிறது. முதலில் அவனிடம் எத்தனை இருந்தது?" எண் இல்லாததால் உடனே கூட்டவோ கழிக்கவோ முடியாது. என்ன நடந்தது என்று கதையாகத்தான் சொல்ல முடியும். யார் கொடுத்தது, யார் வாங்கியது, கேட்பது எதை? இந்த மூன்றுக்கும் பிள்ளை தன் வாயால் பதில் சொன்ன பிறகு மூடியதை எடுங்கள்.

நம் மொழியில் ஒரு சங்கதி இருக்கிறது. "மாலாவுக்கு ரவி கொடுத்தான்" என்றாலும் "ரவி மாலாவுக்குக் கொடுத்தான்" என்றாலும் ஒன்றுதான். முதலில் வருகிற பெயர்தான் கொடுத்தவர் என்று நினைக்கிற பிள்ளை மாட்டிக்கொள்ளும். அதனால் சொல்லின் வாலைப் பார்க்கப் பழக்குங்கள். "உக்கு", "இடம்", "ஐவிட" எல்லாவற்றின் அடியிலும் பென்சிலால் கோடு போடச் சொல்வேன். பாடப்புத்தகத் தமிழில் மட்டும் வருகிற சில சொற்களும் தடுக்கும். "எனில்", "வீதம்", "தலா". தலா என்றால் தலைக்கு, ஆளுக்கு என்று சொன்னதும் ஒரு பையன் "அவ்ளோதானா!" என்றான். பாதி வருடமாக அந்தச் சொல்லைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறான்.

நீண்ட வாக்கியத்தை உடைத்துக் கொடுங்கள். "கிலோ 40 ரூபாய் வீதம் வாங்கிய 15 கிலோ தக்காளியில் 3 கிலோ அழுகிவிட, மீதியைக் கிலோ 60 ரூபாய் வீதம் ஒருவர் விற்றார் எனில் அவருக்குக் கிடைத்த இலாபம் எவ்வளவு?" இதை ஒரே மூச்சில் வாசித்தால் பெரியவர்களுக்கே குழம்பும். ஒருவர் 15 கிலோ தக்காளி வாங்கினார். கிலோ 40 ரூபாய். 3 கிலோ அழுகிப்போச்சு. மீதியை விற்றார். கிலோ 60 ரூபாய். கையில் எவ்வளவு நின்றது? இப்படி எழுதிவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானே 600 போட்டது, 720 வந்தது, 120 இலாபம் என்று வந்துவிடும்.

"மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு" என்று ஒரு சார்ட் நானும் ஆரம்பத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். பிறகு நானே கிழித்தேன். செல்வியிடம் 18 பூ இருக்கிறது, அது கமலாவிடம் இருப்பதைவிட 5 அதிகம், கமலாவிடம் எத்தனை? அந்தச் சார்ட்டை நம்பிய பிள்ளைகள் அத்தனை பேரும் 23 என்றார்கள். இந்த மாதிரிக் கணக்குக்குப் பட்டை வரைவதுதான் நல்ல வழி. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களில் கொண்டுவந்த முறை. செல்விக்கு ஒரு நீளப் பட்டை, அதற்குக் கீழே கமலாவுக்கு ஒன்று. வரைவதற்கு முன் ஒரே கேள்வி: "யாருடையது நீளம்?" அதைச் சரியாக வரைந்துவிட்டால் 13 என்பது கண்ணுக்கே தெரியும்.

மேலே சொன்ன கோலிக் கணக்கில் எண்கள் 7, 12. மாலாவுக்குக் கொடுத்தது 7, ரவியிடம் இப்போது இருப்பது 12. "கொடுத்தான்" என்ற சொல்லைப் பார்த்து 12-லிருந்து 7 போனால் 5 என்று எழுதியிருந்தான் ஒரு பையன். தப்பு என்று சொல்லவில்லை. கையில் 5 புளியங்கொட்டை கொடுத்து, "நீதான் ரவி. 7 கொடு" என்றேன். கொட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பத்தாது டீச்சர்." சரி, இப்போது உன்னிடம் 12 இருக்கிறது, மாலாவிடம் 7 இருக்கிறது, மாலா திருப்பிக் கொடுத்துவிட்டால்? இரண்டு குவியலையும் ஒன்றாகத் தள்ளி எண்ணினான். 19. அழித்துவிட்டு எழுதியபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

விடை வந்ததும் எண்ணை மட்டும் எழுதி நோட்டை மூட விடாதீர்கள். முழு வாக்கியமாக எழுதட்டும். 38 பிள்ளைகள், ஓர் ஆட்டோவில் 5 பேர், எத்தனை ஆட்டோ வேண்டும்? 7, மீதி 3 என்று எழுதினால் மூன்று பேர் ரோட்டில் நிற்பார்கள், 8 ஆட்டோ வேண்டும். 38 ரூபாய் இருக்கிறது, பேனா 5 ரூபாய் என்றால் 7 பேனாதான். வகுத்தல் ஒன்றுதான், விடை வேறு.

ஒரு நாளைக்கு ஒரு கணக்கு போதும், பத்து நிமிடம். சில நாள் தலைகீழாக, "12 − 5-க்கு ஒரு கதை சொல்" என்று கேளுங்கள். கதை கட்டத் தெரிந்த பிள்ளைக்குக் கதையை அவிழ்க்கவும் தெரியும்.

ஐந்தாம் வகுப்பு முடிகிற சமயத்தில் என் பாட்டி சொன்ன புறாக் கணக்கைக் கொடுப்பேன். பறந்து வந்த புறாக்களைப் பார்த்து ஒரு கழுகு "நூறு பேரும் எங்கே போகிறீர்கள்?" என்றதாம். "நாங்கள் நூறு இல்லை. நாங்களும், எங்களைப் போல் இன்னொரு மடங்கும், எங்களில் பாதியும், பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் நூறு" என்றனவாம் புறாக்கள். போன வருடம் ஒரு பெண் 20 என்று வைத்துப் பார்த்தாள், 56 வந்தது. 40 வைத்தாள், 111, தாண்டிவிட்டது. அடுத்து 38 எழுதி உடனே அடித்தாள். "பாதி 19, அதுல பாதி அரைப் புறா வருது டீச்சர். நாலால வகுபடணும்." நான் வாயைத் திறக்கவில்லை. 36 எழுதி, 36, 18, 9, கழுகு ஒன்று என்று விரல் வைத்துக் கூட்டினாள்.