மட்டக்குதிரையின் குளம்பைப் பராமரிப்பது எப்படி? புதிதாக வளர்ப்பவர்களுக்கு

ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகளில் மட்டக்குதிரைகள் நிறைய உண்டு. தோட்டம், பண்ணை வைத்திருப்பவர்கள் சிலர் பிள்ளைகளுக்காக வீட்டிலேயே ஒன்று வாங்கி வளர்க்கிறார்கள். வாங்கும்போது சேணம், கடிவாளம், தீவனம் எல்லாவற்றையும் விசாரிக்கிறவர்கள், குளம்பைப் பற்றி மட்டும் குதிரை நொண்டத் தொடங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். அதற்குள் விஷயம் முற்றிப்போயிருக்கும். தினமும் நாலு காலையும் தூக்கிப் பார்க்கிறவருக்கு இந்தப் பதிவில் வரும் தொல்லைகளில் பல வரவே வராது. மீறி வந்தாலும் முதல் நாளே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்குதிரையின் குளம்பைக் கெடுப்பதில் சேற்றுக்கும் கல்லுக்கும் இருக்கும் பங்கைவிடத் தீவனத் தொட்டிக்கு இருக்கும் பங்கு பெரிது. அதனால்தான் கடைசிப் பகுதி நீளமாக இருக்கும். அவசரத்தில் இருப்பவர்கள் அதை மட்டுமாவது படியுங்கள்.

குளம்பின் அடியில் என்ன இருக்கிறது

காலைத் தூக்கிப் பார்த்தால் வெளிவிளிம்பில் கெட்டியான சுவர் தெரியும். உடம்பின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது அதுதான். அதற்கு உள்ளே லேசாகக் குழிந்த அடிப்பாகம். குதிகால் பக்கத்திலிருந்து நடுவை நோக்கி ரப்பர் போல அழுந்தும் முக்கோணமான பகுதி ஒன்று இருக்கும். கால்நடை டாக்டர்கள் இதை ஃப்ராக் என்பார்கள். குதிரை காலை ஊன்றும்போது அதிர்ச்சியைத் தாங்குவதிலும், குளம்புக்குள் ரத்தம் ஓடுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. இதன் இரு பக்கமும் இரண்டு பள்ளங்கள், நடுவில் ஒரு சின்னப் பள்ளம். அழுக்கு தங்குவதும் நோய் தொடங்குவதும் இந்தப் பள்ளங்களில்தான்.

குளம்பின் சுவர் மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். மேலே மயிர் முடியும் வரம்பில் இன்று உருவாகும் பகுதி, முன் நுனியில் தரையைத் தொட 9 முதல் 12 மாதம் ஆகும். குளம்பில் ஏற்பட்ட சேதம் சீக்கிரம் மறையாததற்கு இதுதான் காரணம்.

காலைத் தூக்குவது

முதலில் குதிரையைச் சமதளமான, காய்ந்த இடத்தில் நிறுத்தி, தலைக்கயிற்றை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பழகிய குதிரையென்றால் கட்டியும் வைக்கலாம். கிட்டே போகும்போது பேசிக்கொண்டே போங்கள். முன்னங்காலுக்கு, தோளை ஒட்டி வால் பக்கம் பார்த்து நில்லுங்கள். தோளில் கை வைத்து, கையை எடுக்காமலே காலின் பின்புறமாகக் கீழே கொண்டு போங்கள். கணுக்கால் மூட்டுக்குக் கொஞ்சம் மேலே லேசாக அழுத்தினால் பழகிய குதிரை தானே தூக்கும். தூக்காவிட்டால் உங்கள் தோளால் அதன் தோளை மெல்லத் தள்ளுங்கள். எடை மறு காலுக்கு மாறியதும் தூக்கிவிடும்.

பின்னங்காலுக்கு இடுப்பில் கை வைத்துத் தொடங்குங்கள். உடம்போடு ஒட்டி நிற்பதுதான் பாதுகாப்பு. ஒரு முழம் தள்ளி நின்றால் உதை முழு வேகத்தில் விழும். நேர் பின்னால் நிற்கவே கூடாது. குனியலாம், மண்டியிடவோ தரையில் உட்காரவோ கூடாது.

மட்டக்குதிரை குள்ளமானது. நம் முதுகு வலிக்கிறது என்று அதன் காலை நம் உயரத்துக்கு இழுத்தாலோ, பக்கவாட்டில் வெளியே விரித்தாலோ அதற்கு இடுப்பும் தோளும் வலிக்கும். வலித்தால் காலைப் பிடுங்கும். அதைத் திமிர் என்று நினைத்து அடிக்கிறார்கள், பாவம். காலைத் தாழ்வாகவே பிடியுங்கள், நீங்கள் குனிந்துகொள்ளுங்கள்.

தினசரிச் சுத்தம்

முனை மழுங்கிய ஒரு இரும்புக் கொக்கியும் கெட்டியான ஒரு பிரஷும் போதும். கொக்கி குதிரைச் சாமான் கடைகளில் கிடைக்கும். கொக்கியைக் குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கித்தான் இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக இழுத்தால், கை வழுக்கும்போது முனை நேராக மென்மையான இடத்தில் குத்தும். பள்ளங்களில் அடைந்த லத்தி, மண், சின்னக் கற்களை எடுத்துவிட்டுப் பிரஷால் தேயுங்கள். முக்கோணப் பகுதியைச் சுரண்ட வேண்டாம்.

சுத்தம் செய்த கையோடு மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று நாற்றம்: நல்ல குளம்பில் மண் வாசனைதான் வரும். இரண்டாவது சூடு: நாலு குளம்பையும் புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். வெயிலில் நின்ற குதிரைக்கு நாலுமே சூடாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் சூடாக இருப்பதுதான் சந்தேகத்துக்குரியது. மூன்றாவது நாடி. கணுக்கால் மூட்டின் பின்பக்கம், இரு ஓரங்களிலும் விரல் நுனியை லேசாக வைத்தால் ரத்தக் குழாய் தட்டுப்படும். ஆரோக்கியமான குதிரையில் அந்தத் துடிப்பு மிக மெலிதாக இருக்கும், சில நேரம் அகப்படவே அகப்படாது. அது டக் டக்கென்று பலமாக அடித்தால் குளம்புக்குள் ஏதோ நடக்கிறது என்று பொருள். குதிரை நன்றாக இருக்கும்போதே இதைத் தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள். அப்போதுதான் மாற்றம் கையில் தெரியும்.

சீவலும் லாடமும்

6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். லாடம் தேயாவிட்டாலும், அதே இடைவெளியில் கழற்றி, சீவி, மறுபடி அடிக்க வேண்டும். உள்ளே வளர்ச்சி நிற்பதில்லை. தார்ச்சாலையிலும் கற்பாதையிலும் தினமும் வேலை செய்யும் குதிரைக்குப் பெரும்பாலும் லாடம் தேவைப்படும். தோட்டத்துப் புல்தரையில் மேய்ந்து, எப்போதாவது பிள்ளைகளைச் சுமக்கும் மட்டக்குதிரைக்கு லாடமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மட்டக்குதிரைகளுக்குக் குளம்பு பொதுவாகவே உறுதியானது.

நம் ஊரில் லாடம் அடிப்பவர் என்றால் பெரும்பாலும் மாட்டுக்கு அடிப்பவர்தான் கிடைப்பார். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது, குதிரையுடையது ஒற்றை. மாட்டைக் கயிறு போட்டுக் கீழே சாய்த்து அடிப்பார்கள். குதிரைக்கு நின்றபடியேதான் அடிக்க வேண்டும். ஆகவே குதிரை வேலை பழகியவரா என்று கேட்டுவிட்டு அழையுங்கள். லாடத்தைக் குளம்பின் அளவுக்கு வளைக்கிறாரா, இல்லை குளம்பை லாடத்தின் அளவுக்கு அரத்தால் ராவுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முன்பக்கச் சுவரை ராவித் தள்ளினால் ஆணி பிடிக்கும் இடமே மெலிந்துபோகும். அப்படிச் செய்பவரை அடுத்த முறை கூப்பிட வேண்டாம்.

விளிம்பில் கீழிருந்து மேலே ஏறும் சின்ன வெடிப்புகள் சீவலைத் தள்ளிப்போட்டதால் வருபவை. ஒழுங்காகச் சீவினால் சரியாகும். மேலே மயிர் வரம்பிலிருந்து இறங்கும் வெடிப்பு வேறு வகை. அதை டாக்டரிடம் காட்டுங்கள்.

அழுகல்

மழைக்காலத்தில் முதலில் வருவது இதுதான். நீலகிரியில் ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை ஈரம் விடாது. லத்தியும் மூத்திரமும் ஊறிய தரையில் நிற்கும் குதிரைக்கு அந்தப் பள்ளங்களில் கறுப்பாகக் கசியும், கொக்கி பட்டதும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் வரும். காற்றுப் படாத இடத்தில் வளரும் பாக்டீரியாவின் வேலை இது.

பள்ளங்களைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, பழைய துணியால் ஈரம் போகத் துடையுங்கள். பொவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சைத் திரியாக உருட்டி, பள்ளத்துக்குள் வையுங்கள். கசிவும் நாற்றமும் நிற்கும்வரை தினமும் மாற்றுங்கள். தொங்கும் செத்த சதையைச் சீவுபவர் வெட்டிவிட்டால் மருந்து நன்றாகப் பிடிக்கும். சிலர் மயில்துத்தத்தை அள்ளி அப்புவார்கள். அது உயிருள்ள சதையையும் சுட்டுவிடும். பினாயில், மண்ணெண்ணெய் பக்கமே போக வேண்டாம். நடுப்பள்ளம் விரல் நுழையும் அளவு ஆழமாகி, தொட்டால் ரத்தம் வந்தாலோ குதிரை துள்ளினாலோ டாக்டர் பார்க்க வேண்டும்.

மருந்து பாதி வேலைதான் செய்யும். லாயத்தில் ஒரு மூலையாவது காய்ந்து இருக்க வேண்டும். தினமும் லத்தியை அள்ளுங்கள். தரையைச் சாய்வாக்கி மூத்திரம் வடிய வழி செய்யுங்கள். காய்ந்த மரத்தூளோ வைக்கோலோ பரப்புங்கள்.

சீழ், ஆணி

நேற்று மாலை நன்றாக நடந்த குதிரை காலையில் ஒரு காலைத் தரையில் ஊன்றவே மறுக்கிறதா? எலும்பு முறிந்ததோ என்று பயந்துபோவோம். பல சமயம் அது குளம்புக்குள் கட்டிய சீழாக இருக்கும். அந்தக் குளம்பு சூடாக இருக்கும், நாடி பலமாக அடிக்கும். கடினமான சுவருக்குள் சீழுக்கு விரிய இடமில்லாததால்தான் அவ்வளவு வலி. டாக்டரோ தேர்ந்த லாடக்காரரோ சின்னத் துளை போட்டு வடிய விடுவார்கள். நீங்களே கத்தியை எடுக்காதீர்கள். வடிந்த பிறகு எப்சம் உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் காலை வைத்து, துடைத்து, பஞ்சு வைத்துக் கட்டுங்கள். கட்டு நிற்க நல்ல வழி ஒன்று சொல்கிறேன்: குழந்தைகளின் டயப்பரைக் குளம்பின் மேல் மாட்டி, சுற்றிலும் அகலமான ஒட்டு நாடாவால் இறுக்கிவிடுங்கள். நாடா மயிர் வரம்புக்கு மேலே போய் இறுக்கக் கூடாது. தினமும் கட்டை மாற்றுங்கள்.

ஆணி குத்தியிருந்தால் பிடுங்கக் கை பரபரக்கும். டாக்டர் உடனே வர முடியுமென்றால் பிடுங்காதீர்கள். எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்பது ஆணி உள்ளே இருந்தால்தான் எக்ஸ்ரேயில் தெரியும். ஊன்றினால் இன்னும் ஆழப் போகும் என்றிருந்தால் மட்டும் எடுங்கள். எடுக்கும் முன் போனில் படம் பிடித்து, குத்திய இடத்தைப் பேனாவால் குறித்து, ஆணியையும் பத்திரப்படுத்துங்கள். குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதாகத் தொற்றும். தடுப்பூசி எப்போது போட்டது என்பதை எழுதி வைத்திருங்கள்.

லாமினைடிஸ்: தீவனத்தால் வரும் குளம்பு நோய்

குளம்புக்குள் இருக்கும் எலும்பு, மெல்லிய மடிப்புகளால் சுவரோடு பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்த மடிப்புகள் வீங்கி, பிடிப்பு விடுவதுதான் லாமினைடிஸ். முற்றினால் எலும்பு உள்ளே திரும்பி, அடிப்பாகத்தைக் கிழித்து வெளியேகூட வரும்.

மட்டக்குதிரை கொஞ்சம் தின்று அதிகம் உழைக்கப் பிறந்த பிராணி. அதற்குப் பாசத்தோடு ஊறவைத்த கொள்ளும் தவிடும் குவித்து, கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறும் இனிப்பும் கொட்டினால் என்ன ஆகும்? சுற்றுலா வருகிறவர்கள் ஆளுக்கொரு ரொட்டியும் கேரட்டும் நீட்டுவதும் இதில் சேரும். ஊட்டியில் உறைபனிக் காலத்துப் புல்லிலும் கவனம் தேவை: கடும் குளிர் இரவும் நல்ல வெயில் பகலும் சேர்ந்தால் புல்லில் சர்க்கரை தேங்கிவிடும்.

நோய் வரும் முன்பே ஒரு அடையாளம் பார்க்கலாம். பிடரி மயிருக்கு அடியில் கையை வையுங்கள். அந்தக் கொழுப்பு மேடு இரு பக்கமும் அசைந்தால் பரவாயில்லை. கெட்டியாக இறுகி, அசையாமல் நின்றால் தீவனத்தை அன்றே குறையுங்கள். வந்துவிட்டால் குதிரை நடக்கத் தயங்கும், திரும்பும்போது தடுமாறும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்து நிற்கும். இது அவசரம், காலை வரை காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

டாக்டர் வரும்வரை குதிரையை நடத்தாதீர்கள். கொள்ளும் தவிடும் உடனே நிறுத்தம். காலடியில் மரத்தூளையோ மணலையோ தடிமனாகப் பரப்புங்கள். மீன் கடையில் ஐஸ் வாங்கி, உயரமான வாளியிலோ தடித்த பையிலோ போட்டு, கணுக்காலுக்கு மேல் வரை மூழ்க வையுங்கள். கரையக் கரைய ஐஸ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டு நாளில் இது மிகவும் உதவும்.

வலிக்கிறதே என்று வீட்டு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பது இந்தியாவில் 2006 முதல் தடை. அந்த மருந்து ஏறிய உடலைத் தின்னும் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளை நினைத்தாவது இதில் கண்டிப்பாக இருங்கள்.

பட்டினியும் போடக் கூடாது. கொழுத்த மட்டக்குதிரை திடீரென்று பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். 200 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்குச் சுமார் 3 கிலோ காய்ந்த புல் வேண்டும். அதை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் சர்க்கரை கொஞ்சம் குறையும். அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவின் குதிரைச் சந்தைக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: குளம்பைச் சுற்றி ஓடும் வளையக் கோடுகள் முன்னால் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் இருந்தால், அந்தக் குதிரைக்கு முன்பே லாமினைடிஸ் வந்திருக்கலாம். எண்ணெய் பூசிப் பளபளவென்று நிறுத்தியிருப்பார்கள். துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு கெட்டித் தரையில் இரு பக்கமும் சிறு வட்டமாகத் திருப்பச் சொல்லுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பினால் விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்க வேண்டாம்.