கொசு மாமா கடிக்கமாட்டார்: அறிவியல் சிரிப்புப் படக்கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீசை, மூக்குக்கண்ணாடியோடு ஒரு கொசு மாமா தூங்குகிற பையனின் காலில் உட்கார்ந்து இரத்தம் உறிஞ்சுகிறார். படம் பிரமாதம், பிள்ளைகளும் சிரிப்பார்கள். ஆனால் ஆண் கொசு கடிக்காது. பூந்தேனும் செடிச்சாறும்தான் அதற்குச் சாப்பாடு. முட்டை வளரப் புரதம் வேண்டும் என்பதால் இரத்தம் தேடி வருவது பெண் கொசு. இதைத் திருத்தினால் சிரிப்பு கூடத்தான் செய்யும். செருப்பை ஓங்கும் பையனிடம் மாமா கெஞ்சட்டும்: “நான் சைவம்டா, என்னை ஏன் அடிக்கிற? மாமியைப் போய்க் கேளு!”

இந்த நகைச்சுவையிலிருந்து அறிவியலை உருவினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. பெரும்பாலான கதைகள் சறுக்குவது இங்கேதான். படத்தில் யாரோ வழுக்கி விழுகிறார்கள்; அறிவியலோ மூலையில் ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்ற கட்டத்துக்குள் பதுங்கியிருக்கிறது. பிள்ளை விழுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடும். அந்தக் கட்டத்தைப் படிப்பது அப்பா அம்மா மட்டும்தான்.

கொசுக்கதையிலேயே இன்னொன்று. வாளித் தண்ணீரில் கொசுப்புழுவை மண்புழு மாதிரி அடியில் படுக்க வைத்து வரைகிறார்கள். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு, நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கி வால்பக்கக் குழாயால் மூச்சு விடும். இதைவிட வேடிக்கையாக யாராலும் கற்பனை செய்ய முடியாது, அப்படியே வரைந்தால் போதும். திங்கட்கிழமை மழை பெய்து செவ்வாய்க்கிழமையே கொசு பறப்பதும் தவறு. முட்டை பொரிந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு முறை பூச்சட்டித் தட்டின் தண்ணீரைக் கொட்டச் சொல்வது இதனால்தான்.

எழுத்தைவிடப் படம்தான் பிள்ளையின் மனத்தில் நிற்கும். ஆகவே படத்தில் நேரும் பிழையை வரி போட்டுத் திருத்த முடியாது. மழைத்துளிக்கு மேலே கூர்முனை கிடையாது. சிறு துளி உருண்டை, பெரிய துளி அடிப்பக்கம் தட்டையான பன் ரொட்டி. எறும்பின் ஆறு காலும் நடு உடலிலிருந்துதான் கிளம்பும். பிறைநிலாவின் இரு கொம்புக்கு நடுவே விண்மீன் தெரியாது, அந்த இடத்தில் நிலாவின் இருண்ட பாகம் மறைத்துக்கொண்டிருக்கிறது. (கொடியில் இருக்கும் பிறையும் விண்மீனும் சின்னம், அது வேறு கணக்கு.)

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வரைபவர்கள் பிறையை நிமிர்த்தியே வைக்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் மலேசியாவின் பினாங்கில் மாலைப்பிறை பெரும்பாலும் படகு போல மல்லாந்து கிடக்கும். ‘உச்சிவேளை 12 மணி’ என்பதும் அப்படி வந்த பழக்கம்தான். நம் கடிகாரம் ஓடுவது 120 பாகைக் கிழக்கு நெட்டாங்கு நேரப்படி. பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் இருப்பதோ 100 பாகையை ஒட்டி. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறக்குறைய 1.20 ஆகியிருக்கும். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் அந்நேரம் நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும். நிழலைத் தொலைத்த பையன் பள்ளித் திடலெங்கும் தேடுவதாக ஒரு கதையே எழுதலாம். பன்னிரண்டு மணிக்குத் தேட விட்டால் மட்டும் கதை கெட்டுவிடும்.

கடைசிப் பக்கத்துச் சோதனைகளிலும் இதே கோளாறு. தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்கும் என்று எழுதியிருக்கும். பிள்ளை செய்து பார்த்தால் ஒன்றும் நடக்காது. ஈரக்காற்றில் மின்னூட்டம் சீக்கிரம் கசிந்துவிடும், நம் காற்றின் ஈரப்பதமோ 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது. ஏர்கோன் அறையில், எண்ணெய் வைக்காத காய்ந்த தலைமுடியில் செய்யச் சொல்லுங்கள். அச்சுக்கு முன் நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள். பிளக்கில் விரலை விட்டு முடி குத்திட்டு நிற்கும் சிரிப்பு மட்டும் எந்தக் கதையிலும் வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது செய்முறை.

கலைச்சொல்லை முதல் பக்கத்திலேயே இறக்கி வைப்பது அடுத்த அவசரம். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர், சுர்ரென்று வற்றாமல் முத்து முத்தாக உருண்டோடும். வலப்பக்கத்தில் பாட்டி தண்ணீர் தெளிக்கட்டும், பேரன் “ஏன் பாட்டி ஓடுது?” என்று கேட்கட்டும். விடை பக்கத்தைப் புரட்டிய பிறகுதான் வரவேண்டும். எதிர்ப்பக்கத்திலேயே விடைப் படம் இருந்தால் கேள்விக்கு மதிப்பில்லை. புரட்டினால், துளி தன் அடியில் தானே உண்டாக்கிய ஆவி மெத்தையில் சவாரி போகிறது. ஓவியர் வழக்கம்போல ஆவியைத் துளியின் தலைக்கு மேல் வரைந்துவிடுவார். ஆவி அடியில் இருந்தால்தான் விளக்கமே. 1756இல் இதை எழுதி வைத்த ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்டின் பெயரும் ‘லைடன்ஃப்ராஸ்ட் விளைவு’ என்ற கலைச்சொல்லும் கடைசிப் பக்கத்தில் வந்தால் போதும்.

மொழிக்கு வருவோம். ஆங்கிலச் சிலேடையைத் தமிழாக்கினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். நம்மிடமே சரக்கு இருக்கிறது: “ஆறு குவளை தே ஆற எத்தனை நிமிடம்?” பேச்சுக் குமிழில் பேச்சுத் தமிழ், கதைசொல்லிக்கு எழுத்துத் தமிழ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மலேசியப் பிள்ளை என்று காட்ட வரிக்கு வரி ‘லா’ போட வேண்டியதில்லை.

குமிழை வரைந்த பிறகு வசனம் எழுதாதீர்கள். தமிழ்ச் சொல் நீளம், குமிழுக்குள் அடைக்க எழுத்தைச் சுருக்கவேண்டி வரும். முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 16 புள்ளிக்குக் குறையாத எழுத்து, ஒன்றரை மடங்கு வரி இடைவெளி. நடுமடிப்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள் சொல்லும் வேண்டாம், முகமும் வேண்டாம். சில வரைகலை மென்பொருள்களில் கொம்பும் காலும் பிரிந்து எழுத்து உடைந்துவிடும், அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பை வரி வரியாகப் பார்த்தே தீரவேண்டும்.

அதற்கும் முன்னால், பென்சில் படங்களோடு நான்கைந்து பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கே சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, மறுநாள் புத்தகத்தைக் காட்டாமல் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். “மாமா சைவம், மாமிதான் கடிப்பாங்க” என்று வந்தால் வண்ணம் தீட்டலாம். “மாமாவுக்கு மீசை இருந்துச்சு” என்று மட்டும் வந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி எழுதுங்கள்.