ஜாஸ் இசைக்கோப்பிலிருந்து மேடைக்கும் திரைக்கும் செல்லும் வழி

பெரிய ஜாஸ் குழுவுக்கு இசை கோத்துப் பழகியவர் நாடகத்துக்கோ திரைப்படத்துக்கோ இசையமைக்க விரும்பினால், அவர் முதலில் பழக வேண்டியது யாருக்கு இடம் விடுவது என்பதைத்தான். குழுவில் சாக்ஸபோன் கலைஞரின் தனி வாசிப்புக்கு ஒதுக்கிய இடத்தை மேடையில் நடிகரின் குரலுக்கும் திரையில் வசனத்துக்கும் ஒதுக்க வேண்டும்.

இடைப்படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் வுடி ஹெர்மனின் குழுவுக்கு 1944 முதல் இசை கோத்த ரால்ஃப் பர்ன்ஸ், நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களில் பிறர் மெட்டுகளுக்கு வாத்திய அமைப்பு எழுதிப் பல ஆண்டுகள் உழைத்த பின்னரே ‘காபரே’ (1972), ‘ஆல் தட் ஜாஸ்’ (1979) ஆகிய படங்களுக்காக ஆஸ்கர் பெற்றார். அடுத்தவர் மெட்டைக் காப்பாற்றிக் கொடுப்பதை விடச் சிறந்த பள்ளி இத்தொழிலில் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

மேடைக்கு எழுதும்போது, ஒரே கலைஞர் புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் மூன்றையும் மாற்றி மாற்றி வாசிக்க நேரிடும் என்பதால், கருவியை மாற்ற அவருக்குச் சில அளவுகளாவது (அளவு என்பது தாளத்தின் ஒரு சுற்று, ஆங்கிலத்தில் bar) ஓய்வு கொடுங்கள். நடிகர் பேசி முடிக்கும் வரை திரும்பத் திரும்ப வாசிக்கத்தக்க ஓரிரு அளவுகளையும் பாடலுக்கு முன்னால் எழுதி வையுங்கள். பேச்சின் நீளம் ஒவ்வொரு நாளும் மாறும்.

திரைக்குக் கணக்கு வேண்டும். 45 விநாடிக் காட்சிக்கு நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் 90 தட்டுகள் கிடைக்கும். நான்கு தட்டு அளவுகளாகப் பிரித்தால் இருபத்திரண்டரை வரும். மிஞ்சும் அரை அளவுக்காக இரண்டு தட்டு அளவு ஒன்றைச் செருகலாம். வேகத்தைச் சுமார் 117-ஆகக் குறைத்து, 22 அளவுகளில் முடிப்பதும் உண்டு. அவ்வளவு சிறிய தளர்வு காதுக்குத் தெரியாது, அரை அளவின் இடறலோ தெரிந்துவிடும் என்பதால், காட்சியில் வெட்டு எதுவும் அந்த அரை அளவைக் கேட்காத வரை, நான் இதையே தேர்வேன்.

வசனத்தின் அடியில் எழுதும்போது ஜாஸ் பழக்கம் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஐந்து சாக்ஸபோன்களும் நெருங்கி ஒலிக்கும் அழகிய இணைப்பு, மனிதக் குரல் உலவும் நடு ஸ்தாயியிலேயே வந்து அமர்ந்து சொற்களை மங்கச் செய்யும். ஆகவே பேச்சு இருக்கும் வரை கீழே டபுள் பாஸையும் மேலே மெல்லிய வயலின்களையும் மட்டும் வைத்து நடுவைக் காலியாக விடுங்கள். பேச்சு ஓய்ந்ததும் சாக்ஸபோன்களை அங்கே கொண்டு வரலாம்.