விதையைச் சுரண்டினீர்களா? சங்குப்பூ வளர்ப்பும் அந்த நீலத் தேநீரும்

சங்குப்பூ விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: விதையைச் சுரண்டினீர்களா? அதன் தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீர் லேசில் உள்ளே போகாது.

ஆகவே முதல் வேலை, உப்புத்தாளில் விதையின் ஒரு பக்கத்தை, கண் (காயோடு ஒட்டியிருந்த தழும்பு) இல்லாத பக்கமாகப் பார்த்து, மேல்தோல் மட்டும் தேயும்படி நாலைந்து முறை உரசுங்கள். இரவு முழுக்க நீரில் ஊறட்டும். காலையில் உப்பியிருப்பதை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். உப்பாதவற்றைத் தூக்கிப் போடாமல் மறுபடி உரசி ஊற வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும்.

அப்புறம் பெரிய வேலை இல்லை. தினமும் ஆறு மணி நேர வெயில், தண்ணீர் தேங்காத மண், ஏறுவதற்கு ஒரு கயிறோ கம்பியோ போதும். கொடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். யூரியா மட்டும் வேண்டாம். இது அவரைக் குடும்பம், வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துவிடும். நாமும் அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும், பூ குறையும்.

சுமார் இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். நீலத்துக்குக் கருவிளை, வெள்ளைக்குச் செருவிளை என்று சங்க காலத்திலேயே தனித்தனிப் பெயர் உண்டு, ஆனால் தேநீருக்கு நீலம்தான் வேண்டும். காலையில் பறித்து நிழலில் மொறுமொறுவென உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். காய்களையும் விட்டுவைக்காதீர்கள், காய் முற்ற விட்டால் பூப்பது குறையும். விதைக்கு நாலைந்து காய் விட்டாலும் பழுப்பானதும் பறித்துவிடுங்கள், இல்லையென்றால் அது முறுக்கி வெடித்து விதையை எங்கோ எறிந்துவிடும்.

சரி, தேநீர். ஐந்தாறு பூக்களின் பச்சைப் புல்லியைக் கிள்ளிவிட்டு, ஒரு தம்ளர் வெந்நீரில் ஐந்து நிமிடம் போடுங்கள். ஆழ்ந்த நீலம் இறங்கும். நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. அந்த நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமி, அமிலம் பட்டால் மாறும், சமையல் சோடா பட்டால் பச்சைப் பக்கம் போகும். உண்மையைச் சொன்னால் சுவை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, லேசான பச்சை வாசம்தான், இஞ்சியோ தேனோ சேர்த்தால்தான் குடிக்கப் பிடிக்கும். தாய்லாந்தில் இதை அஞ்சன் என்று சொல்லிக் குளிர்பானமாகக் குடிக்கிறார்கள், மலேசியாவின் கிளந்தானில் நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றுவதும் இதே பூதான்.

வேரும் விதையும் சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேர்கின்றன, ஆனால் இரண்டும் பேதிக்குக் கொடுப்பவை. வீட்டில் அரைத்துப் பார்க்காதீர்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் பூத் தேநீரும் குடிக்க வேண்டாம்.