அணிலாடு முன்றில் மகிழ்ச்சியான வீடு அன்று: கவிதை வரிகளில் கதைத் தலைப்பைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதையை எழுதி முடித்த பிறகு தலைப்புக்காகக் குறுந்தொகையையோ பாரதியையோ புரட்டும் வழக்கம் தமிழில் எழுதுவோரிடம் பரவலாக உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாட்டிலிருந்து ஒரு தொடரை எடுத்துப் பெயராக வைப்பது நம் மரபுக்கும் புதிதன்று. இயற்பெயர் தெரியாத புலவர்களுக்குச் சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் செம்புலப் பெயனீரார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார் என்று அவரவர் பாட்டில் வந்த தொடரையே பெயராக இட்டார்கள். பத்துப்பாட்டில் கூத்தராற்றுப்படை என்றும் வழங்கும் பாட்டு, தன்னுள் வரும் ‘மலைபடுகடாம்’ என்னும் தொடராலேயே இன்று அறியப்படுகிறது. ஆனால் அவர்கள் பாட்டை முழுவதும் படித்துவிட்டுத் தொடரை எடுத்தார்கள். நாம் பெரும்பாலும் தொடரை எடுத்துக்கொண்டு பாட்டை விட்டுவிடுகிறோம். இத்துறையில் நேரும் தவறுகளுள் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

குறுந்தொகையின் 41ஆம் பாட்டில் வரும் ‘அணிலாடு முன்றில்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். தனியே படித்தால் வெயில் விழும் முற்றமும் அதில் துள்ளும் அணில்களும் பாட்டி வீட்டு விடுமுறையும் நினைவுக்கு வரும். இளமைக் கால நினைவுகளைச் சொல்லும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்றே தோன்றும். பாட்டில் பேசுபவள் தலைவி. காதலர் அருகில் இருந்தால் விழாக்கோலம் கொண்ட ஊரைப் போல மகிழ்வேன் என்று தோழியிடம் தொடங்குகிறாள். அவர் பிரிந்த நாளிலோ, ‘மக்கள் போகிய அணிலாடு முன்றில் புலப்பில் போலப் புல்லென்று’ வருந்துவேன் என்று முடிக்கிறாள். சுரம் என்னும் வறண்ட வழியை ஒட்டிய சிற்றூரில் குடியிருந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். விரட்ட ஆள் இல்லாததால்தான் முற்றத்தில் அணில் ஆடுகிறது. ஆகவே இங்கே அணில் வெறுமைக்குச் சான்று. இதை அறியாமல் கலகலப்பான கூட்டுக் குடும்பக் கதைக்கு இத்தொடரைச் சூட்டினால், பாட்டை அறிந்த வாசகர் முதல் பக்கத்திலிருந்தே சாவையோ பிரிவையோ எதிர்பார்த்துக் காத்திருப்பார். கடைசிவரை அது வராது. அறியாத வாசகருக்கோ அது அழகான சொற்சேர்க்கை என்பதற்கு மேல் எதையும் தராது. நா. முத்துக்குமார் உறவுகளைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘அணிலாடும் முன்றில்’ என்று பெயரிட்டார். ‘ஆடு’ என்பதை ‘ஆடும்’ ஆக்கி இன்றைய காதுக்கு இசைவாக்கிய போதும், உறவுகள் விலகிப்போன முற்றம் என்ற உட்பொருள் அந்தத் தலைப்பில் அப்படியே தங்கியிருக்கிறது.

இவ்வகையில், சேர மன்னர்களைப் பத்துப் பத்துப் பாட்டாகப் பாடும் பதிற்றுப்பத்தைப் போலப் பாடம் சொல்லும் நூல் வேறில்லை. கிடைத்துள்ள எண்பது பாடல்களுக்கும் அவற்றுள் வரும் ஒரு தொடரே தலைப்பு. ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் உள்ள பதிகங்கள் அத்தலைப்புகளை வரிசையாகச் சொல்லுகின்றன. அத்தொடர் எச்சிறப்பினால் பெயராயிற்று என்பதைப் பழைய உரைகாரர் விளக்குகிறார். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைக் குமட்டூர்க் கண்ணனார் பாடிய பத்தில், 13ஆம் பாட்டுக்குப் ‘பூத்த நெய்தல்’ என்று பெயர். கரும்புப் பாத்தியில் பூத்த நெய்தலை எருமைகள் மேயும் வளமான நாட்டின் சித்திரத்தில் அத்தொடர் வருகிறது. பாட்டோ அந்த நாடு சேரனின் சினத்துக்கு ஆளாகிக் கவின் அழிந்ததைப் பாடுகிறது. அழிவைச் சொல்லும் சொல் பாட்டில் பல இருந்தும், அழிவதற்கு முன் பூத்திருந்த பூவைத்தான் தலைப்பாகத் தேர்ந்திருக்கிறார்கள். அது பாட்டின் தொடக்கத் தொடரோ, கருத்தை வெளிப்படையாக உரைக்கும் தொடரோ அன்று. இரண்டே சொல், கண்ணால் காணத்தக்க ஒரு பொருள், பாட்டைப் படித்து முடித்தவருக்கு மட்டும் கனம் கூடும் பெயர். இன்றைய சிறுகதை ஆசிரியர் ஒருவர் இந்தப் பத்தின் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் பாட்டின் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று தேடிப் பார்த்தால், தலைப்பிடுதல் பற்றிய பயிலரங்குகளில் கிடைக்காத பயிற்சி கிடைக்கும் என்பது என் எண்ணம்.

எல்லாருக்கும் தெரிந்த வரியை எடுப்பது அடுத்த தவறு. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்னும் புறநானூற்று வரி, மேடைகளிலும் அழைப்பிதழ்களிலும் சுவரொட்டிகளிலும் புழங்கிப் புழங்கி, இன்று எந்தக் கதைக்கும் தனியான நிறம் எதையும் தராத நிலைக்கு வந்துவிட்டது. கேளிர் என்றால் உறவினர் என்பதை மறந்து ‘கேளீர்’ என்று நெடிலாக்கி எழுதுவோரும் உண்டு; தலைப்பிலேயே அப்பிழை நேர்ந்தால் கதையைக் காப்பாற்ற முடியாது. ஆனால் அதே 192ஆம் பாட்டில், கணியன் பூங்குன்றனார் நம் உயிரை ஆற்று நீரில் அடித்துச் செல்லப்படும் தெப்பத்துக்கு ஒப்பிடும் இடத்தில் ‘நீர்வழிப் படூஉம்’ என்ற தொடர் இருக்கிறது. கொங்கு வட்டாரத்துக் குடிநாவிதர்களின் வாழ்வைச் சொல்லும் தம் நாவலுக்குத் தேவிபாரதி அதைத் தலைப்பாக்கினார். அந்நாவல் 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அளபெடையைக்கூட நீக்காமல், எச்சமாக நிற்கும் தொடரை அப்படியே வைத்த துணிவு பாராட்டத்தக்கது. எது நீர்வழிப் படுகிறது என்று தலைப்பு சொல்வதில்லை. அந்த இடத்தை நாவல் நிரப்புகிறது.

கதையின் பொருளும் கவிதையின் பொருளும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைத்து, மழைக் கதைக்கு மழைப் பாட்டையும் பிரிவுக் கதைக்குப் பாலைப் பாட்டையும் தேடுவதும் பயன் தருவதில்லை. அப்போது தலைப்பு கதையை இன்னொரு முறை சொல்கிறதே தவிர, அதனோடு எதையும் கூட்டுவதில்லை. இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும். பாரதி ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் பாட்டில் பிஜித் தீவில் கூலிகளாய்ச் சிக்கிய பெண்களை நினைத்து, ‘துன்பக் கேணியிலே எங்கள் பெண்கள் அழுத சொல் மீட்டும் உரையாயோ’ என்று காற்றைக் கேட்கிறார். புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. கரும்பு தேயிலையாகிறது, தீவு மாறுகிறது, கேணி அதேதான். ‘கேணியிலே’ என்பதன் வேற்றுமை உருபும் ஏகாரமும் நீங்கியதும் பாட்டின் புலம்பல் ஓசை அடங்கி, இடத்தின் பெயர் போன்ற ஒரு வறட்சி வந்துவிடுகிறது. புதுமைப்பித்தனின் நடைக்கு அந்த வறட்சி பொருந்தும். மகாபாரதத்தை நாவல்களாகச் சொல்லும் ஜெயமோகனின் வெண்முரசு வரிசையில் வரும் ‘கல்பொருசிறுநுரை’ இன்னும் தொலைவு செல்கிறது: குறுந்தொகையின் 290ஆம் பாட்டில் காமத்தைத் தாங்க இயலாத தலைவி, பாறையில் மோதும் சிறு நுரை போல மெல்ல மெல்ல இல்லாமல் போவேன் என்று சொல்ல, நாவலோ யாதவகுலம் முழுவதும் அழிவதைச் சொல்கிறது. ஆங்கிலத்திலும் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி ‘Things Fall Apart’ என்னும் தம் 1958ஆம் ஆண்டு நாவலுக்கு ஐரிஷ் கவிஞர் ஏட்ஸின் கவிதையிலிருந்து தலைப்பை எடுத்தபோது, ஐரோப்பா சிதைவதைக் கண்டு அஞ்சியவரின் சொற்களை, ஐரோப்பியர் வருகையால் சிதையும் இக்போ சமூகத்தின் மீது பொருத்தினார்.

நினைவிலிருந்து எழுதுவது சிறிய தவறாகத் தோன்றினாலும் விளைவு பெரிது. ஹெமிங்வேயின் 1940ஆம் ஆண்டு நாவலின் ‘For Whom the Bell Tolls’ என்னும் தலைப்பு ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் கவிதை வரி என்று பலரும் எழுதுகிறார்கள்; அது 1624இல் வெளிவந்த அவரது உரைநடை நூலில் உள்ள தொடர். மேற்கோள் தொகுப்புகளில் வரி வரியாக மடித்து அச்சிடப்பட்டதால் கவிதை போலத் தோன்றுகிறது. சங்கப் பாடல்களில் பாட வேறுபாடும் சீர் பிரிப்பும் வேறு இருப்பதால், நம்பத்தகுந்த பதிப்பு ஒன்றை, உரையுடன், கையில் வைத்துக்கொண்டே தலைப்பை எழுத வேண்டும். ‘பெயனீர்’ என்று புணர்த்தி எழுதுவதா, ‘பெயல் நீர்’ என்று பிரிப்பதா என்பதை ஆசிரியரே முடிவு செய்து அட்டை முதல் உள்பக்கம் வரை ஒரே வடிவில் வைக்க வேண்டும். இல்லையேல் வடிவமைப்பாளர் முடிவு செய்வார்.

திரைப்படங்கள் எடுத்துக்கொண்ட வரிகளையும் கொஞ்ச காலத்துக்கு விட்டுவைப்பதே நல்லது. ‘காற்று வெளியிடை’யும் ‘வெந்து தணிந்தது காடு’ம் பாரதியின் சொற்களே, ஆயினும் இன்று அவற்றைக் கேட்டதும் பெரும்பாலோருக்குச் சுவரொட்டிதான் முதலில் நினைவில் எழுகிறது.

எடுத்த வரியை விளக்கத் துடிப்பதும் தவறுதான். தலைப்பாக ஒரு முறை, கதைக்கு மேலே முகப்புக் கவிதையாக ஒரு முறை, இறுதிப் பத்தியில் ஒரு கதைமாந்தர் வாய்மொழியாக ஒரு முறை என்று ஒரே தொடர் மூன்று இடத்தில் வரும் கதைகளை இதழ்களில் அடிக்கடி காண்கிறோம். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைக் கதைக்குள் வலிந்து கொண்டுவந்து, அவரைக் கொண்டு குறுந்தொகையைச் சொல்ல வைப்பது இதன் முற்றிய நிலை. தலைப்பில் வந்துவிட்ட தொடர் கதைக்குள் வராமல் இருப்பதே பெரும்பாலும் நன்று. மூலத்தைக் குறிப்பிட விரும்பினால் நூலின் முன்னுரையில் ஒரு வரி போதும். வாழும் கவிஞரின் வரியானால் அச்சுக்குப் போகும் முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒருசில சொற்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம் பொதுவாகப் பாதுகாப்பு தருவதில்லை என்று வாதிடலாம். ஆனால் அந்த வரியைத் தம் அடுத்த தொகுப்புக்கே பெயராக அவர் வைத்திருக்கக்கூடும் என்பதால், கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது.